தம்பிக்கு சிங்கப்பூர் பெர்மிட் வந்திருக்கிறது. கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் என்ன ஆகும்?

கந்தர்வகோட்டை அக்கா:

எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி ஸ்கில் டெஸ்ட் பாஸ் பண்ணி, இப்போது ஐபிஏ பேப்பரும் (வொர்க் பெர்மிட்டுக்கான முன் ஒப்புதல் தாள்) வந்துவிட்டது. கட்டுமான வேலை. டெஸ்ட் செலவு, ஏஜெண்டு எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சம் ஆகிவிட்டது. பாதி என் நகையை அடகு வைத்தது, மீதி ஊரில் மூன்று வட்டிக்கு வாங்கியது.

எங்கள் சித்தப்பா 2020ல் அங்கே டார்மெட்ரியில் (தொழிலாளர் விடுதி) அடைபட்டுக் கிடந்தவர். "போகட்டும், தெரிந்துகொண்டு போகட்டும்" என்பதற்கு மேல் அவர் வாயைத் திறக்க மறுக்கிறார். அந்த நேரத்தில் உண்மையில் என்ன நடந்தது, சம்பளம் வந்ததா, ஊருக்கு வர நினைத்தவர்களால் வர முடிந்ததா, இப்போது ஏதாவது மாறியிருக்கிறதா என்று அங்கே இருந்தவர்கள் யாராவது சொல்லுங்கள். ஏஜெண்டிடம் கேட்டால் "அதெல்லாம் பழைய கதைம்மா" என்கிறார். எனக்கு அது பழைய கதையாகத் தெரியவில்லை.


கிராஞ்சி வெல்டர்:

அக்கா, நான் 2014லிருந்து 2022 வரை அங்கே வேலை பார்த்தவன். தெரிந்ததைச் சொல்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும்.

நோய் ஜனவரியிலேயே சிங்கப்பூருக்கு வந்துவிட்டது. பிப்ரவரியில் சிலேத்தார் பக்கம் ஒரு சைட்டில் வேலை பார்த்த பங்களாதேஷ்காரர்கள் சிலருக்கு வந்தது, அதில் ஒருவர் மாதக்கணக்கில் ஐசியூவில் கிடந்து பிழைத்தார். அப்போது எங்கள் கம்பெனியில் சொன்னது ஒன்றே ஒன்று, ஞாயிற்றுக்கிழமை தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் போகாதீர்கள். ஆனால் காலையில் லாரியின் பின்னால் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து சைட்டுக்குப் போவதை யாரும் நிறுத்தவில்லை. ராத்திரி வந்து பதினாறு பேர் ஒரே அறையில் படுத்தோம். இரும்புக் கட்டில், மேலே ஒருவர் கீழே ஒருவர். மாடிக்கு ஒரு வரிசை கழிப்பறை, ஒரு சமையல்கட்டு, வேலை முடிந்து வந்ததும் எல்லாரும் அடுப்புக்கு வரிசையில் நிற்போம். ஒரு மீட்டர் தள்ளி நில்லுங்கள் என்று சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். அந்த அறையில் எங்கே போய்த் தள்ளி நிற்பது?

மார்ச் 23ஆம் தேதியே டிடபிள்யூசி2 என்ற தொண்டு அமைப்பு இதைப் பேப்பரில் எழுதி எச்சரித்தது. ஒரு அறையில் பன்னிரண்டு பேர், இருபது பேர் இருக்கிறார்கள், இங்கே புகுந்தால் நிற்காது என்று. இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஏப்ரல் 5ஆம் தேதி புங்கோல் எஸ்11, தோ குவான் வெஸ்ட்லைட் இரண்டு டார்மெட்ரியையும் பூட்டினார்கள், இரண்டிலும் சேர்த்து ஏறக்குறைய 20,000 பேர். ஏப்ரல் 7 முதல் நாடு முழுக்க அடைப்பு. அப்புறம் ஒவ்வொரு டார்மெட்ரியாக விழுந்தது. ஏப்ரல் 20 அன்று ஒரே நாளில் 1,426 பேருக்கு நோய், கிட்டத்தட்ட எல்லாரும் எங்கள் ஆட்கள்தான்.

எங்கள் டார்மெட்ரியைப் பூட்டியபோது முதல் வாரம் மிக மோசம். குப்பை எடுக்க ஆளில்லை, கழிப்பறை கழுவ ஆளில்லை, ஏனென்றால் கழுவுகிறவர்களுக்கும் நோய். சமையல்கட்டை மூடிவிட்டு கேட்டரிங் சாப்பாடு கொடுத்தார்கள். அரைவேக்காட்டுச் சோறு, இனிக்கிற குழம்பு. நாங்கள் கொளுத்தும் வெயிலில் கம்பி கட்டிவிட்டு வந்து நம் கையால் ரசம் வைத்துச் சாப்பிட்டவர்கள், அந்த ரசம்தான் ஒரு நாளில் எங்களுக்கென்று இருந்த ஒரே நேரம். அதுவும் போயிற்று. அப்புறம் சாப்பாடு சரியானது, இலவச சிம் டேட்டா கொடுத்தார்கள், டாக்டர்கள் உள்ளேயே வந்தார்கள், மறைக்க வேண்டியதில்லை.

சம்பளம் கேட்டீர்கள். என் அடிப்படை நாளுக்கு 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), மாதம் 26 நாள் கணக்குப் போட்டால் 468 வெள்ளி. சாதாரண மாதத்தில் ஓவர்டைம், ஞாயிறு வேலை சேர்த்து 850, 900 தொடும். கடன் கட்டியது, வீட்டுக்கு அனுப்பியது எல்லாம் அந்த ஓவர்டைம் காசில்தான். பூட்டியபோது எனக்கு அடிப்படை மட்டும் வந்தது, அதுவும் ஒரு மாதம் தாமதம். பக்கத்து அறையில் இருந்தவர்களுக்கு அதிலும் பிடித்துக்கொண்டு கொடுத்தார்கள். அவரவர் முதலாளியைப் பொறுத்தது.


ஈசூன் காண்டிராக்டர்:

நான் சிங்கப்பூரில் பிறந்தவன், சின்ன சப்காண்டிராக்ட் கம்பெனி வைத்திருக்கிறேன், அந்த நேரத்தில் என்னிடம் முப்பதுக்கும் மேற்பட்ட ஆட்கள், பெரும்பாலும் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம். வெல்டர் தம்பி சொல்வதில் பொய் இல்லை. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

அரசாங்கம் ஏப்ரல் மாத லெவியை (வெளிநாட்டு ஆளுக்காக முதலாளி மாதாமாதம் அரசாங்கத்துக்குக் கட்டும் தொகை) தள்ளுபடி செய்தது, ஒவ்வொரு பெர்மிட் ஆளுக்கும் 750 வெள்ளி திருப்பிக் கொடுத்தது, ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கத்தான் இது என்று தெளிவாகச் சொல்லித்தான் கொடுத்தார்கள். அதை வாங்கிக்கொண்டு ஆளுக்குச் சம்பளம் தராதவர்கள் செய்தது அநியாயம், என் தொழிலில் இருக்கிறவர்களாக இருந்தாலும் சொல்வேன். சிகிச்சைக்கு ஒரு காசு வாங்கவில்லை. ராணுவ முகாம், எக்ஸ்போ மண்டபம், காலியான வீவக (அரசாங்க அடுக்குமாடி வீடு) புளோக்குகள், கப்பல் வரைக்கும் கொண்டுபோய்த் தங்கவைத்தார்கள். 2020 டிசம்பரில் சுகாதார அமைச்சு வெளியிட்ட கணக்குப்படி டார்மெட்ரியில் இருந்த 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்கு நோய் வந்து போயிருக்கிறது. இறந்தது இரண்டு பேர். அடுத்த வருஷம் ஊரில் எத்தனை பேர் ஆக்சிஜன் இல்லாமல்... வேண்டாம், உங்களுக்கே தெரியும்.

அதனால் தம்பியை அனுப்பலாமா என்று கேட்டால், நோய் விஷயத்தில் சிங்கப்பூர் கைவிடாது என்பதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியும்.


மூன்றாம் மாடி:

ஈசூன் அண்ணே, நீங்கள் சொன்ன 47 விழுக்காட்டை நான் வேறு மாதிரி படிக்கிறேன். இரண்டு பேரில் ஒருவருக்கு வந்திருக்கிறது. வெளியே அடுக்குமாடி வீட்டில் இருந்தவர்களுக்கு அப்படி வரவில்லையே. வருஷம் முடியும்போது நாட்டின் மொத்த எண்ணிக்கை 58,000 சொச்சம், அதில் 54,500 டார்மெட்ரி ஆட்கள். ஒரே வைரஸ், ஒரே தீவு. நாங்கள் இளவட்டம் என்பதால் உயிர் தப்பினோம், அறை நன்றாக இருந்ததால் இல்லை.

அப்புறம் எல்லாரும் முதல் நான்கு மாதத்தைப் பற்றியே பேசுகிறார்கள். எனக்கு வலித்தது அதற்கு அப்புறம் வந்ததுதான். 2020 ஆகஸ்டில் டார்மெட்ரிகளில் நோய் தீர்ந்தது என்று அறிவித்தார்கள், நாங்கள் வேலைக்குப் போக ஆரம்பித்தோம். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மூக்கில் குச்சி, போனில் பச்சை காட்டினால் லாரி ஏறலாம். வேலை முடிந்தால் நேராக டார்மெட்ரி. கடைக்குப் போகக்கூடாது, கோயிலுக்குப் போகக்கூடாது, கூடப்பிறந்தவன் அடுத்த டார்மெட்ரியில் இருந்தாலும் பார்க்கக்கூடாது. பொழுதுபோக்கு நிலையம் என்று ஒன்று கட்டி வைத்திருப்பார்கள், அங்கே போக மட்டும் நேரம் குறித்து அனுமதி. ஊர் மக்கள் எல்லாரும் உணவங்காடியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள், நாங்கள் லாரியிலிருந்து பார்த்துக்கொண்டே போகிறோம்.

2021 செப்டம்பரில்தான் முதல் முறையாக வெளியே விட்டார்கள். எப்படி? தடுப்பூசி போட்டவர்களில் வாரத்துக்கு 500 பேர், தேக்கா மாதிரி இடத்துக்கு, சில மணி நேரம். டார்மெட்ரிகளில் இருப்பது கிட்டத்தட்ட மூன்று லட்சம் பேர், கணக்குப் போட்டுப் பாருங்கள். 2022 ஜூன் கடைசியில்தான் வெளியே போக அனுமதிச் சீட்டு வேண்டாம் என்றார்கள். அப்போதும் ஞாயிறு, விடுமுறை நாட்களில் தேக்கா மாதிரி நான்கு இடங்களுக்குத் தனிச் சீட்டு வேண்டும்.

ஏப்ரல் 2020லிருந்து எண்ணினால் இரண்டு வருஷத்துக்கு மேல். என் மகள் அதற்குள் பள்ளிக்கூடம் சேர்ந்துவிட்டாள். அந்தக் காலத்தில் எங்கள் டார்மெட்ரியில் ராத்திரி ராத்திரி நடந்துகொண்டே இருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். பேச்சு குறைந்து, போனை எடுக்காமல், சாப்பாட்டைத் தொடாமல். தற்கொலை முயற்சிச் செய்திகளும் வந்தன. அப்புறம்தான் மனநலத்துக்கென்று அமைச்சு ஒரு ஏற்பாடு செய்தது, ஹெல்த்சர்வ் என்ற தொண்டு அமைப்பின் ஆட்கள் நம் மொழியில் பேசினார்கள், நல்ல மனிதர்கள். அக்கா, உங்கள் சித்தப்பா பேச மறுப்பது எனக்குப் புரிகிறது. அவரை வற்புறுத்தாதீர்கள்.


கந்தர்வகோட்டை அக்கா:

மூன்றாம் மாடி அண்ணா, இதைப் படித்துவிட்டு அழுதேன். சித்தப்பா அந்த இரண்டு வருஷமும் போனில் "நல்லா இருக்கேன், சாப்பிட்டேன்" என்று மட்டும் சொல்வார். நாங்களும் நம்பினோம்.

ஒன்று புரியவில்லை. அவ்வளவு கஷ்டம் என்றால் ஏன் திரும்பி வரவில்லை? விமானம் இல்லையா, விடவில்லையா?


திருச்சி வழக்கறிஞர்:

அக்காவின் கேள்விதான் இந்த விஷயத்தின் நடு. அதற்கு நான் பதில் சொல்கிறேன், இப்படித் திரும்பி வந்தவர்களுக்காகச் சில வழக்குகள் பார்த்திருக்கிறேன்.

விமானம் இருந்தது. 2020 மே மாதத்தில், வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவர வந்தே பாரத் விமானங்கள் தொடங்கின, சிங்கப்பூரிலிருந்தும் வந்தன. டிக்கெட் காசு பயணியுடையது. ஆனால் அதைவிடப் பெரிய தடை வேறு.

வொர்க் பெர்மிட் என்பது ஒரு முதலாளியின் பெயரோடு கட்டப்பட்டது. அவர் ரத்து செய்தால் வேலையோடு நாட்டில் இருக்கும் உரிமையும் போகும். தங்குமிடம் அவர் ஏற்பாடு, அதனால் படுக்கையும் போகும். மலேசியர் அல்லாத ஒவ்வொரு பெர்மிட் ஆளுக்கும் முதலாளி 5,000 வெள்ளி பிணைத்தொகை கட்டுகிறார், ஆகவே ஆள் எங்கே போகிறார் என்ற கவலை அவருக்கு எப்போதும் உண்டு. இந்தப் பக்கம் ஊரில் மூன்று வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. 2020 மார்ச் கடைசியில் ரிசர்வ் வங்கி கடன் தவணைகளுக்கு அவகாசம் கொடுத்தது, ஆகஸ்டு வரை நீட்டித்தது. அது வங்கிக்கும் நிதி நிறுவனங்களுக்கும்தான். ஊர் வட்டிக்காரருக்கு ரிசர்வ் வங்கி ஏது? திரும்பி வந்தால் கடனோடு வந்து நிற்க வேண்டும், மறுபடி போக வேண்டுமானால் மறுபடி லட்சங்கள். அதனால் அடைபட்ட அறையில் 468 வெள்ளிக்குக் கிடப்பதே லாபம் என்ற கணக்கு வருகிறது. யாரும் சங்கிலி போடவில்லை, கணக்கே கட்டிப்போட்டது.

நோயை நாம் குறை சொல்கிறோம். நோய் வருவதற்கு முன்பே வேலை, படுக்கை, நாட்டில் இருக்கும் அனுமதி மூன்றும் ஒருவர் கையில் இருந்தன. சாதாரணக் காலத்தில் இது கண்ணுக்குத் தெரியாது, ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை தேக்காவுக்குப் போய் நாலு பேரைப் பார்த்து, வேறு கம்பெனியில் என்ன தருகிறார்கள் என்று விசாரித்து, மனக்குறையைக் கொட்டிவிட்டு வரலாம். அந்த ஞாயிற்றுக்கிழமையை எடுத்ததும்தான் எலும்பு வெளியே தெரிந்தது.

இன்னொன்று, இது நம் அரசாங்கத்தைப் பற்றியது, பலருக்குத் தெரியாது. பத்தாம் வகுப்பு முடிக்காதவர்கள் வளைகுடாவுக்கோ மலேசியாவுக்கோ போனால் குடிபெயர்வு அனுமதி வாங்க வேண்டும், ஒரு பதிவு இருக்கும். அந்தப் பதினெட்டு நாடுகள் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. ஆகவே கந்தர்வகோட்டையிலிருந்து எத்தனை பேர் போனார்கள், எந்த டார்மெட்ரியில் இருக்கிறார்கள் என்பதற்கு இங்கே ஏடே கிடையாது. பதிவு பெற்ற ஏஜெண்டு வாங்கக்கூடிய உச்சக் கட்டணம் 30,000 ரூபாய், மேலே ஜிஎஸ்டி. உங்களிடம் வாங்கியது மூன்றரை லட்சம். ரசீது கொடுத்தாரா?


கந்தர்வகோட்டை அக்கா:

ரசீது இல்லை சார். டெஸ்ட் சென்டர் கட்டணத்துக்கு மட்டும் ஒரு தாள் இருக்கிறது.


மட்டக்களப்பான்:

எல்லோரும் சிங்கப்பூரைப் பற்றியே கதைக்கிறீர்கள், குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். நான் அந்த நேரம் கட்டாரில், தோஹாவின் கைத்தொழில் பேட்டையில் இருந்தேன். 2020 மார்ச் நடுப்பகுதியில் பேட்டையின் ஒரு பெரும் பகுதியை அப்படியே மூடினார்கள், உள்ளே இருந்தது முழுக்க எங்களைப் போன்ற தொழிலாளர் முகாம்கள். ஈசூன் அண்ணன் சொல்கிற 750 வெள்ளி மாதிரி ஏதும் எங்கள் கம்பனிக்குக் கிடைத்ததோ தெரியாது, எங்கள் கைக்கு மூன்று மாதம் எதுவும் வரவில்லை. பிறகு சம்பளத்தைப் பாதியாக்கிக் கடிதம் நீட்டினார்கள், கையொப்பம் வைத்தோம். வைக்காதவர்களை ஊருக்கு அனுப்பினார்கள், நிலுவைச் சம்பளம் இல்லாமல்.

ஊருக்கு அனுப்புவது என்றாலும் எங்களுக்கு ஊர் திறந்திருக்கவில்லை. இலங்கை 2020 மார்ச் 19 முதல் வருகை விமானங்களை நிறுத்தியது, 2021 ஜனவரியில்தான் விமான நிலையம் வழமைபோலத் திறந்தது. இடையில் விசேட விமானங்கள் வந்தன, அதற்குப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், சிலருக்கு அரச முகாமில் தனிமைப்படுத்தல், மற்றவர்கள் ஹோட்டலுக்குக் காசு கட்ட வேண்டும். வேலையும் இல்லை, நாடும் எடுக்கவில்லை, கம்பனி முகாமில் பருப்பும் சோறும். எங்கள் அனுப்புகாசில்தான் நாட்டின் டொலர் ஓடுகிறது என்று இரண்டு வருடம் கழித்து எல்லோரும் சொன்னார்கள். அந்த நேரம் யாரும் சொல்லவில்லை.

ஒரு நல்ல மாற்றம் நடந்ததையும் சொல்லவேண்டும். அதே 2020இல் கட்டார் ஒரு சட்டத்தை மாற்றியது, முதலாளியின் ஆட்சேபனையில்லாக் கடிதம் இல்லாமலே வேலை மாறலாம் என்று. 2021 மார்ச்சில் 1,000 ரியால் குறைந்தபட்சச் சம்பளமும் வந்தது. உலகக் கிண்ணம் வருகிறது, உலகம் பார்க்கிறது என்பதால் செய்தார்கள் என்றாலும் எனக்குக் கவலையில்லை. அந்தச் சட்டத்தால்தான் நான் வேறு கம்பனிக்கு மாறினேன். பழைய மூன்று மாதச் சம்பளம் மட்டும் இன்றுவரை இல்லை.


ஈசூன் காண்டிராக்டர்:

மட்டக்களப்பார் வேலை மாறுவதைப் பற்றிச் சொன்னதால் 2021ஐப் பற்றிச் சொல்ல வேண்டும். இங்கே யாரும் அதைத் தொடவில்லை.

2020ல் ஆட்களுக்கு வேலை இல்லை. 2021ல் வேலைக்கு ஆட்கள் இல்லை. ஏப்ரல் 24 முதல் இந்தியாவிலிருந்து வருபவர்களுக்குக் கதவை மூடினார்கள், மே தொடக்கத்தில் பங்களாதேஷ், இலங்கை, நேப்பாளம், பாகிஸ்தான் எல்லாவற்றுக்கும். லீவில் ஊருக்குப் போன என் ஆட்கள் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள், இரண்டு பேருக்குப் பெர்மிட் காலாவதியே ஆகிவிட்டது. இங்கே இருந்தவர்களிலும் பலர் அலுத்துப்போய் ஊருக்குக் கிளம்பினார்கள். வீவக வீடுகள் மாதக்கணக்கில் தள்ளிப்போயின, பெரிய கம்பெனிகள் ஆளுக்கு அலைந்தன. நாளுக்கு 18, 20க்கு இருந்த ஆட்கள் 28, 30 கேட்டார்கள், கிடைத்தது. என்னிடமிருந்து ஆறு பேர் போனார்கள். அப்போது கோபம் வந்தது, மறைக்கவில்லை. நான் அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுத்தவன்.

கட்டுமானத்தில் பெர்மிட் முடிவதற்கு 40 நாள் முன்பிலிருந்து 21 நாள் முன்பு வரை, பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே புது முதலாளி விண்ணப்பிக்கலாம். இந்த விதி கொரோனாவுக்கு முன்பே உண்டு. ஆனால் வெளியே ஆட்கள் வரிசையில் நிற்கும்போது அந்த விதி யாருக்கும் பயன்படாது. கதவு மூடியபோதுதான் பயன்பட்டது.


கிராஞ்சி வெல்டர்:

அண்ணே, நானும் அந்த 2021ல்தான் மாறினேன். 18 வெள்ளியிலிருந்து 27. ஏழு வருஷம் ஒரே கம்பெனியில் நாளுக்கு ஒரு வெள்ளி கூட்டிக் கேட்டுக் கிடைக்காதது, ஒரு கடிதத்தில் கிடைத்தது. வெல்டிங் நான் புதிதாகக் கற்றுக்கொள்ளவில்லை. அதே கை, அதே வேலை. அப்படியென்றால் அந்த ஏழு வருஷமும் என் வேலையின் மதிப்பு 18 வெள்ளிதானா? நான் போனால் அடுத்த ஆள் மூன்று லட்சம் கொடுத்து வரத் தயாராக இருந்தான், அதனால் 18. எல்லை மூடியதும் அடுத்த ஆள் இல்லை, அதனால் 27. இதை யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை, சம்பளச் சீட்டே விளக்கியது.

நீங்கள் வேலை கற்றுக்கொடுத்தீர்கள் என்பதை மதிக்கிறேன். ஆனால் கற்றுக்கொண்டவன் சம்பளம் அந்த ஆறு பேருக்கும் ஏறியிருந்ததா என்பதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.


ஈசூன் காண்டிராக்டர்:

இரண்டு பேருக்கு ஏற்றினேன். நான்கு பேருக்கு இல்லை. மேலே இருக்கிற மெயின் காண்டிராக்டர் என் ரேட்டை ஏற்றவில்லை என்பது காரணம். லெவி அப்போது திறன் உயர்ந்த ஆளுக்கு மாதம் 300 வெள்ளி, அடிப்படைத் திறன் ஆளுக்கு 700. பல பேருக்கு லெவி சம்பளத்தைவிட அதிகம். ஆளுக்கு நான் செலவழிப்பதில் பெரும் பங்கு அவன் கையைத் தொடாமலே போகிறது. அதை மாற்றாமல் சின்ன முதலாளியை மட்டும் குறை சொன்னால் தீராது.


மூன்றாம் மாடி:

லெவி பற்றி அண்ணன் சொல்வது சரி. 2020ல் அரசாங்கம் லெவியை விட்டுக்கொடுத்தது முதலாளிக்கு. அந்தப் பணத்தை நேராகத் தொழிலாளியின் கணக்கில் போட்டிருந்தால் பாதி பிரச்சினை வந்திருக்காது. அதே நேரத்தில்தான் டார்மெட்ரி ஆட்களுக்கு வங்கி வழியாகத்தான் சம்பளம் போட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள், ஆகவே கணக்கு இருந்தது, போடும் வழியும் இருந்தது.

என்ன மாறியிருக்கிறது என்று அக்கா கேட்டது இன்னும் பாக்கி. எனக்குத் தெரிந்தவரை: புதிதாகக் கட்டும் டார்மெட்ரிகளில் ஒரு அறைக்கு அதிகபட்சம் 12 பேர், ஆளுக்கு 4.2 சதுர மீட்டர், கழிப்பறை அறைக்குள்ளேயே. 2021ல் அறிவித்தது. முன்பு 4.5 என்று இருந்தது, ஆனால் அது சமையல்கட்டு மாதிரிப் பொது இடத்தையும் சேர்த்த கணக்கு, இது தங்கும் இடம் மட்டும். பழைய டார்மெட்ரிகளுக்கு 2030க்குள் இடைக்கால அளவு, முழு அளவு 2040க்குள். 2040! நான் அப்போது ஊரில் ரிட்டையர் ஆகியிருப்பேன். ஆயிரம் படுக்கைக்கு மேல் இருந்தால்தான் லைசென்ஸ் என்று இருந்த சட்டம் 2023 ஏப்ரலில் ஏழு படுக்கைக்கே என்று வந்திருக்கிறது, இது உண்மையிலேயே பெரிய விஷயம், சின்னச் சின்ன இடங்களில் என்ன நடந்தது என்று முன்பு பார்க்க ஆளில்லை. முதலாளி எடுக்க வேண்டிய மருத்துவக் காப்பீடு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 ஆகியிருக்கிறது. லாரி மாறவில்லை. இன்றைக்கும் லாரியின் பின்னால் உட்கார்ந்துதான் வேலைக்குப் போகிறோம்.


கந்தர்வகோட்டை அக்கா:

எல்லாரும் இவ்வளவு நேரம் எடுத்து எழுதியதற்கு நன்றி. தம்பி போவது என்று முடிவாகிவிட்டது, கடன் வாங்கிய பிறகு வேறு வழியில்லை. போகும் முன் என்ன பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்?


திருச்சி வழக்கறிஞர்:

ஐபிஏ தாளைக் கையில் எடுங்கள். அதில் அடிப்படைச் சம்பளம், படிகள், பிடித்தங்கள் தனித்தனியாக எழுதியிருக்கும். ஏஜெண்டு வாயால் சொன்ன தொகையை மறந்துவிட்டு அந்த அடிப்படையை மட்டும் பாருங்கள், ஏனென்றால் மறுபடி பூட்டினால் வரப்போவது அதுதான். அதை வைத்துக் கடன் வட்டியைக் கட்ட முடியுமா என்று இன்றே கணக்குப் போடுங்கள். முடியாது என்றால் மூன்று வட்டிக் கடனை வேறு எப்படியாவது முதலில் அடைத்துவிட்டு நகைக்கடனை வைத்துக்கொள்ளுங்கள், கூட்டுறவு வங்கி வட்டி எவ்வளவோ குறைவு.

அந்தத் தாளில் எழுதிய சம்பளத்தை, தம்பி எழுத்தில் சம்மதிக்காமல், மனிதவள அமைச்சுக்குத் தெரிவிக்காமல் குறைக்கக்கூடாது. அதனால் அங்கே போனதும் புரியாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்று அழுத்திச் சொல்லுங்கள். மட்டக்களப்பு நண்பருக்கு நடந்தது அப்படித்தான். லெவி, பிணைத்தொகை, காப்பீடு எதையும் தொழிலாளியிடம் பிடிக்கக்கூடாது.


கிராஞ்சி வெல்டர்:

ஏடிஎம் கார்டு. அதை அவனே வைத்துக்கொள்ள வேண்டும். சம்பளம் கணக்கில் முழுசாக வரும், அப்புறம் சூப்பர்வைசர் கார்டை வாங்கிக்கொண்டு கொஞ்சம் எடுத்துவிட்டுத் திருப்பித் தருவார், என்னோடு இருந்த பையன்களுக்கு நடந்திருக்கிறது. சம்பளச் சீட்டை ஒவ்வொரு மாதமும் போட்டோ எடுத்து உங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வேலை நேரத்தை ஒரு நோட்டில் எழுதட்டும், எத்தனை மணிக்கு ஆரம்பித்தான், எத்தனை மணிக்கு முடித்தான். நாளைக்குப் புகார் கொடுக்க வேண்டி வந்தால் அந்த நோட்டுத்தான் பேசும்.


மூன்றாம் மாடி:

புகார் என்றால் ஊருக்கு விமானம் ஏறும் முன் கொடுக்க வேண்டும். 2020ல் நிறையப் பேர் சம்பள பாக்கியோடு ஊருக்குப் போய்விட்டு அப்புறம் என்னிடம் போனில் கேட்டார்கள். வேலை முடிந்த ஆறு மாதத்துக்குள் கேட்டாக வேண்டும், அதுவும் கடைசி ஒரு வருஷ பாக்கியைத்தான் கேட்க முடியும். ஊரில் இருந்துகொண்டு நடத்துவது மிகவும் கஷ்டம். வெளிநாட்டு ஊழியர் நிலையம், டிடபிள்யூசி2, ஹோம், தொழிலாளிகளுக்கு உதவும் இந்த மூன்று அமைப்புகளின் எண்ணையும் போனில் பதிந்துகொண்டு போகட்டும், தமிழ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நோய் விஷயத்தில் ஒன்று. காய்ச்சல் வந்தால் மறைக்கக்கூடாது. 2020ல் பலர் மறைத்தார்கள், நாள் சம்பளம் போய்விடும் என்று. பனடால் போட்டுக்கொண்டு லாரி ஏறினார்கள், பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கும் வந்தது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை, ஒரு நாள் லீவு போட்டால் என்ன ஆகும் என்று பயந்துதான் போனார்கள். ஆனால் எம்சி (டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு) கிடைத்த நாளுக்குச் சம்பளம் உண்டு, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தால். அதைத் தம்பிக்குச் சொல்லிக் கொடுங்கள்.


ஈசூன் காண்டிராக்டர்:

அக்கா, கம்பெனி பெயரை இங்கே போட வேண்டாம், எனக்குத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். டார்மெட்ரி எது, அறைக்கு எத்தனை பேர், சம்பளம் ஒழுங்காகப் போடுகிறவர்களா என்று விசாரித்துச் சொல்கிறேன். வெல்டர் தம்பி, நீங்கள் கேட்ட அந்த நான்கு பேரில் ஒருவர் 2023ல் திரும்பி வந்தார். இப்போது 30 கொடுக்கிறேன். மெயின் காண்டிராக்டர் ரேட் இன்னும் ஏறவில்லை.